வேலுச்சாமி அண்ணன் வீட்டுப் பல் செட்

அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிறேன். ஈறு வீங்கிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

அண்ணன் பல்

கார்ப்பரேஷன் துப்புரவு வேலை பார்க்கும் வேலுச்சாமி அண்ணன், "செட் கடிக்குது" என்று மகள் செல்வியோடு வந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை, சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. வாயெல்லாம் புண். கழற்றிப் பார்த்தால், அந்தச் செட் அவருக்குச் செய்ததே இல்லை. காலமான அவர் அண்ணனுடையது! "ஒரே அம்மா வயித்துல பொறந்தவங்க, பொருந்தாம எங்க போகும்?" என்றார்.

திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மகளைப் பாசமாகப் பார்த்துச் சொன்னார்: "எங்க குடும்பத்துல நாப்பதுக்கு மேல பல்லு நிக்காது சிஸ்டரே. எனக்கப்புறம் இவளுக்கு ஆகுமேன்னுதான் பத்திரமா வச்சிருக்கேன்."

ரோஷக்கார ஈறு

செல்விக்கு இருபத்தாறு வயது. திருப்பூணித்துறையில் துணிக்கடை வேலை. சிரிக்காமல் சேலை விற்க முடியுமா? முன்பல் ஆடுவதால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். இரண்டு வேளை பல் தேய்த்தவள்தான். ரத்தம் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டாள். ரத்தம் வந்தால் பல்லுக்கு ஓய்வு கொடுப்பது அந்த வீட்டு வழக்கமாம்.

சில குடும்பங்களில் ஈறு பிறவியிலேயே ரோஷக்காரி, கொஞ்சம் அழுக்குக்கே வீங்கிவிடும், அதனால் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் சுத்தம் செய்யவேண்டும் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கொருமுறை வரச் சொன்னார். செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை பல்லே தேய்க்க மாட்டாரு சேச்சி, அவருக்குக் கல்லு மாதிரி நிக்குது! இது என்ன நியாயம்?"

பிஸ்கட் டப்பா

கொட்டுகிற மழையிலும் தவறாமல் வந்தாள். ஈறுக்கடியில் நான் சுரண்டும்போது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருஷம் கழித்து, போன வாரம் அந்த முன்பல்லை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

வேலுச்சாமி அண்ணன் நம்பவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, தானும் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். உள்ளே அந்தக் காலமான அண்ணனின் பல் செட். வேலுச்சாமி அண்ணனுக்குத்தான் இப்போது அளவெடுத்துச் செய்த புதுச் செட் இருக்கிறதே. "இத நீங்களே களைஞ்சிருங்க சிஸ்டரே, என் மோளுக்கு இது வேண்டாம்."

வாரிசில்லாமல் போனதற்காக ஒரு குடும்பமே சந்தோஷப்பட்ட சொத்து, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.