முறிவெண்ணெய் போட்ட பறவை

போன வாரம் நான் ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்த்தேன். அவருக்கு ஒரு நோயும் இல்லை என்பது மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் என் வைத்தியமே அவரைச் சாகடிக்கப் பார்த்தது.

பதறாதீர்கள். நோயாளி ஒரு பறவை.

இரண்டு நாள் விடாத காற்றும் மழையும். மூன்றாம் நாள் விடிந்ததும், நெய்யூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏத்தன் வாழை எத்தனை சாய்ந்திருக்கிறதோ என்று பார்க்கப் போனேன். ஒரு வாழையின் அடிமூட்டில் கரும்பழுப்பாக ஏதோ அசைந்தது. காக்கையை விடக் கொஞ்சம் பெரிது. நீள இறக்கை, நுனி வளைந்த அலகு, வாத்துக்கு இருப்பது போல ஜவ்வுக் கால். என்னைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தது. இரண்டு எட்டு... நெஞ்சடித்து விழுந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது.

"ஐயோ, காலு ஒடிஞ்சு போச்சே!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு முறிவெண்ணெய் பாட்டில் உண்டு. எலும்பு முறிவு, சுளுக்கு, சதைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் வர்ம ஆசான் காய்ச்சிக் கொடுக்கிற எண்ணெய். பைக்கிலிருந்து விழுந்தாலும் சரி, கட்டிலிலிருந்து விழுந்தாலும் சரி — முதலில் எண்ணெய். எக்ஸ்ரே எல்லாம் பிறகுதான். பேர்போன ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்க்காரர்கள் நாங்களே இப்படி என்றால், மற்றவர்களைக் கேட்பானேன்?

எடுத்தேன் பாட்டிலை. காலில் தடவினேன். விழுந்த விழுகைக்கு நெஞ்சும் வலிக்குமே என்று நெஞ்சிலும் தடவினேன். இறக்கையை மட்டும் விடுவானேன்? ஐஸ்கிரீம் குச்சி வைத்து இரண்டு காலுக்கும் கட்டும் போட்டாயிற்று. பறவை என் கட்டைவிரலைக் கொத்திக் கிழித்தது. வலி தாங்காமல் கொத்துகிறது பாவம் என்று இன்னும் கொஞ்சம் தடவினேன்.

"ஏட்டி, போதும். என்ன, பொரிக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சரியாகச் சொன்ன சில விஷயங்களில் இதுவும் ஒன்று. வழக்கம்போல் நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு செலின் வந்தாள். கடியப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன்பெட்டியோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள். துணிக்கூடைக்குள் கிடந்த பறவையை எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, இதுக்கு என்னத்துக்குக் கெட்டு?"

"காலு ஒடிஞ்சிருக்கு செலின். நடக்கவே மாட்டேங்கு."

"இது எப்பமும் நடக்காதுக்கா! கடல்லயே கெடக்கப்பட்ட சாதனம்லா!" என்று சிரித்தவள், குனிந்து மோந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "எண்ணெயா போட்டிய?"

உடனே புருஷனுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் புருஷன் அருள், கடலடிப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூச்சடக்கி முங்கி எடுக்கிற தொழிலாளி. தண்ணீருக்கடியில் இந்தப் பறவைகளை நேருக்கு நேர் பார்க்கிறவன்.

"அக்கா, அத இப்பம் விட்டுராதீங்க. றெக்கையில எண்ணெ இருந்தா தண்ணி உள்ள கேறிரும். நனஞ்சு, வெறச்சு, முங்கிச் செத்துப்போவும்."

"முங்குகதுதானே அதுக்க வேலை?"

"முங்குனா மட்டும் போருமா? திரும்ப மேல கேறாண்டாமா?"

அவசரமாகக் குச்சிக்கட்டை அவிழ்த்தேன். புயலில் தப்பி வந்த ஜீவன். நன்றாக இருந்த அதை நானல்லவா கொல்லப் பார்த்திருக்கிறேன்? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மீன்பிடித் துறைமுகத்தில் டீசல் பட்ட பறவையை அருள் ஒருதரம் கழுவியிருக்கிறானாம். அவன் போனில் சொல்லச் சொல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, நான் கழுவினேன். ஏழு தண்ணீர் மாற்றினோம். நல்ல தண்ணீரில் அலசி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். மதியம் செலின் கொடுத்த சாளை மீனைத் தின்றது. பெரிய டப்பில் தண்ணீர் ரொப்பி விட்டுப் பார்த்தோம். வயிறு நனைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளும் கழுவல், அலசல், பல்பு. அதற்கடுத்த நாளும் டப்பு. அன்று சாயங்காலம் தண்ணீர் சேம்பிலையில் உருளுவது போல அதன் முதுகில் உருண்டு ஓடியது. நானும் வீட்டுக்காரரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம்.

நாலாம் நாள் காலை கடியப்பட்டணம். கரையில் விட்டால் அலை திரும்பக் கொண்டு வந்து போட்டுவிடும், உள்ளே போய்த்தான் விட வேண்டும் என்றான் அருள். நான் பிறந்து வளர்ந்தது கடலுக்குப் பக்கத்தில். மீன்பிடி வள்ளத்தில் ஏறியது? இல்லவே இல்லை! கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி.

"எண்ணெ போட்டது நீங்க. கொண்டு விடுகதும் நீங்கதான்" என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான். என் கைப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் செலினோடு கரையிலேயே நின்றுகொண்டார். விவரமானவர்.

பாறைகளைத் தாண்டி, தண்ணீர் தெளிந்து கிடந்த இடத்தில் பெட்டியைத் திறந்தேன். பறவை தண்ணீரில் உட்கார்ந்தது. சாயவில்லை. இறகைக் கோதிக்கொண்டது. அருள் நாலு சாளையை வீசினான். தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தது... ஆளைக் காணோம்!

"முகத்த முக்குங்க, சீக்கிரம்!" என்று முங்குகிற கண்ணாடியை என் முகத்தில் மாட்டினான். வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். பின்னால் அவன் என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பறந்துகொண்டிருந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் குளத்து நீர்க்காகம் இறக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு காலால் உதைத்துத்தான் போகும். இது அப்படியில்லை. இறக்கையைப் பாதி மடக்கி, தண்ணீரையே காற்றாக நினைத்து அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முன்னால் பாய்ந்தது. இறகிலிருந்து சரம் சரமாகக் காற்றுக் குமிழி. நான் குச்சி வைத்துக் கட்டிய கால் இரண்டும் பின்னால் நீண்டு, திரும்ப வேண்டிய இடத்தில் லேசாகத் திரும்பின. அதில் ஒரு குறையும் இல்லை. சாளையைக் கவ்விக்கொண்டு என் மூக்குக்கு நேராக மேலே ஏறி வந்தது.

"ஏன் பாதி மடக்குது?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"காத்து மாதிரியா தண்ணி? கனமுல்லா! முழுசா விரிச்சா அந்தக் கனத்த எல்லாம் இழுத்துக்கிட்டுப் போகாண்டாமா?" என்றான் அருள். "நான் முங்கும்போ பக்கத்துல வந்து என்னை எட்டிப் பாக்கும். இவன் ஏன் இப்பிடித் தவிக்கான்னு நெனைக்கும் போல."

யோசித்துப் பாருங்கள். அது நடந்த நடையை வைத்து நொண்டி என்று முடிவுகட்டினேன். மனிதர்களிடமும் இதைத்தானே செய்கிறோம்? ஒருவரை மேடையில் ஏற்றி, கையில் மைக்கைக் கொடுத்து, பேச வரவில்லை என்றால் மக்கு என்கிறோம். அவரை அவருடைய லேத் பட்டறையில் போய்ப் பார்த்தோமா? போதாதென்று அக்கறையாக எண்ணெய் வேறு தடவிவிடுகிறோம்.

இந்தத் தத்துவத்தை அசைபோட்டபடியே கரைக்கு வந்து, கம்பீரமாக மணலில் குதித்தேன். வள்ளம் போலவே மணலும் ஆடியது. முட்டு மடங்கியது. இரண்டு எட்டு... நெஞ்சடித்து விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன்.

"எக்கா, ஐஸ்கிரீம் குச்சி கொண்டு வரட்டா?" என்று செலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாக என் கைப்பையைத் திறந்து, அதற்குள் தயாராகக் கொண்டு வந்திருந்த முறிவெண்ணெய் பாட்டிலை எடுத்தார்.