முதுகுக்கு முதுகு

லிங்கநகரில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெடியன் குடிவந்திருக்கிறான். பரிதிவட்டம், அதுதான் போட்டிகளில் சுழற்றி எறிகிற தட்டு, எறிகிறவனாம். பின்னேரம் செபமாலை சொல்ல நான் கதிரையை இழுத்துப் போட்டால், அவனும் பாரமான பந்தொன்றைச் சுவரில் மோதத் தொடங்கிவிடுவான். தொம், தொம். மாதாவே மன்னியும், எந்த மணியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். என் மனைவி பிலோமினாவும் பரிதிவட்டம் எறிந்தவள். துறைமுகக் களஞ்சியத்தில் நான் காவல் வேலை பார்த்த நாட்களில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. அவள் கொண்டுவந்த அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய கால்பந்துத் தோல் கிடந்தது. நிலாவெளி மணலை அதற்குள் இறுக்கி அடைத்து, வாயைத் தைத்து, தேங்காயெண்ணெய் பூசினாள். தோலும் எண்ணெயும் கலந்த அந்த மணம்தான் எங்கள் கலியாண வீட்டு மணம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

எறிவதென்றால் கைப்பலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "கையிலை என்னப்பா இருக்கு? பலம் காலிலை துவங்கி அரையாலை திரும்பி வருது. கை கடைசியா விடுறது மட்டுந்தான்," என்பாள்.

வேறு துணை இல்லாததால் பயிற்சிக்கு நான் அகப்பட்டேன். குசினிக்குப் பின்னால்தான் நடக்கும். எதிரெதிரே நின்று அரையைத் திருப்பி எறிவது ஒரு விதம். அவள் எறிந்தால் நான் பந்தோடு சேர்ந்து வாழைப்பாத்திக்குள் கிடப்பேன். "என்ரை மோனைக் கொன்றுபோடாதை பிள்ளை," என்று அம்மா யன்னலால் சொல்லுவா. மற்றது, முதுகோடு முதுகு ஒட்டி நிற்பது. வயிற்றை இறுக்கி, பாதத்தை அசைக்காமல், என் இடப்பக்கமாக அவள் தரும் பந்தை வாங்கி வலப்பக்கம் திரும்பிக் கொடுக்கவேண்டும். இதில் நான் விழுவதில்லை.

கொழும்பில் நடக்கிற பெரிய போட்டியில் போய் எறியவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கிழக்கு மாகாணத்திலிருந்து தெரிவாகியும் விட்டாள். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின அந்தத் தபசு காலத்தில் எதிரெதிரே எறிவதை நிறுத்தினாள். முதுகுக்கு முதுகு போதும் என்றாள். விழுகிற உபத்திரவம் தீர்ந்ததே என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பந்து மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. வெக்கைக்குக் களைப்பாக்கும் என்று நினைத்து, என்னைவிடக் கிழவியாகிவிட்டீர் என்று பகிடி பண்ணினேன். அவளுடைய முதுகு குலுங்கியது என் முதுகுக்குத் தெரிந்தது. சிரிக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கொழும்புக்குப் புறப்பட இருந்த கிழமை, பூசையில் முழந்தாளிட்டவள் எழும்பவில்லை. வயிற்றுக்குள் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இவ்வளவு நோவை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கொழும்புக்கு விட்டிருப்பியளோ? முதுகுக்கு முதுகு நிண்டா என்ரை முகம் உங்களுக்குத் தெரியாதெல்லே."

அவள் கொழும்புக்குப் போகவில்லை. என் செபமாலையை அவளுடைய கையில் சுற்றித்தான் அடக்கம் செய்தோம்.

வாழைப்பாத்தி இருந்த இடம் இப்போது சீமெந்து. அம்மா நின்ற யன்னலையும் அடைத்தாயிற்று. பந்தின் தோலைக் கறையான் தின்று, மணல் முற்றத்தோடு போய்விட்டது. நேற்றுப் பின்னேரம் மதிலுக்கு அப்பால் தொம், தொம் என்று கேட்க, செபமாலையைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் போனேன். வயிற்றை இறுக்கி, இடப்பக்கம் அரையைத் திருப்பி, இரண்டு கையையும் நீட்டினேன். சேட்டுப் போடாத வெறும் மேல். முதுகில் கடற்காற்றுப் பட்டது. அவளுடைய முதுகு ஒட்டியிருந்த அந்த இடத்துக்கு அந்த நாட்களில் காற்று வந்ததில்லை.