கிணற்றுப் பேய் கஸ்தூரி

கஸ்தூரியின் மகள் ரேவதியின் போன் வந்தபோது என் முகத்தில் ஒரு பக்கம்தான் வெள்ளை பூசியிருந்தது. மேக்கப் அறையில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க. கடையில நெஞ்சு வலிக்கிதுன்னு உக்காந்தாங்களாம். எழுந்துக்கவேல்ல" என்றாள். அவசரமாகத் துடைத்துக்கொண்டு எர்ணாவூருக்கு ஓடினேன். காதோரம் பவுடர் அப்படியே இருந்ததை, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரேவதிதான் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

பார்க்கில் எங்களோடு வேலை செய்தவர்களுக்குக் கஸ்தூரியைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினங்களுக்கும் தண்ணீர்ச் சறுக்குகளுக்கும் நடுவே பேய் வீடு என்று ஒன்று உண்டு. அங்கே நாங்கள் பேய்கள். பொம்மை இல்லை, சம்பளம் வாங்கும் மனிதப் பேய்கள். நான் ஜன்னல் பேய். கஸ்தூரி கிணற்றுப் பேய். முடியை முகத்தில் வழியவிட்டு, கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி அவள் மெதுவாக எழுந்தால் மீசை வைத்தவனும் அம்மா என்பான். திருவொற்றியூரில் வேன் ஏறும்போது சட்னி கொட்டிய புடவையோடு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவளா இவள் என்று எனக்கே சந்தேகம் வரும்.

"முன்னால வர்றவன் கத்திகினு வருவான், அவன வுட்டுடு. கடைசியில ஒருத்தன் கம்முனு வருவான் பாரு, அவன்தான் நெசமா பயந்துகினு கீறான். அவன்கிட்ட ரொம்ப காட்டாத, பாவம்" என்பாள். ஒருநாள் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட ஒரு சின்னப்பெண் நேராகக் கிணற்றடிக்குப் போய், "ஆன்ட்டி, வெளிய எப்படிப் போகணும்?" என்று கேட்டிருக்கிறாள். பேய் அவள் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டது. பேய்தான் வழி காட்டியது என்று குழந்தை சொன்னதை அப்பா நம்பவே இல்லை. எங்களுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

சிரித்த நாட்களைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பேய்கள் யாரையும் தொடக்கூடாது, பேய்களையும் யாரும் தொடக்கூடாது என்று வாசலில் பலகை இருந்தது. இரண்டாவது பாதியை எவனும் படிப்பதில்லை. குடித்துவிட்டுக் கும்பலாக வருபவர்களுக்கு இருட்டு என்றால் ஒரு தனித் துணிச்சல். பயந்ததுபோல நடித்துக்கொண்டே கை நீளும். அலறினால் அதுவும் ஷோவில் சேர்ந்ததுதான் என்று வெளியே நினைப்பார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னோம். "கூட்டத்துல கை படத்தான்மா செய்யும்" என்றார். நீளும் கையில் குத்தட்டும் என்று நாங்கள் வேஷத் துணிக்குள் ஊக்கு குத்திக்கொண்டு வேலை பார்த்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. மணிக்கட்டை விடாமல் அந்த ஆளை இழுத்துக்கொண்டு, விரித்த முடியும் சாய ரத்தமுமாக வெயிலுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். வெளியே அவன் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இந்தக் கை உங்க வூட்டுக்காரருதா பாருங்க. உள்ள என் மேல கெடந்துச்சு. அதான் புட்ச்சினு வந்தேன்."

அந்த மனைவி சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவன் அலுவலகத்தில் போய்க் கத்தினான். மேனேஜர் கஸ்தூரியைக் கூப்பிட்டு, விருந்தினரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேள் என்றார். "தொட்டது அவரு சார். நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்று கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள். அப்படியானால் வீட்டுக்குப் போ என்றார். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் வேஷத்தோடு வெளியே வந்து டிக்கெட் கவுண்டர் எதிரே உட்கார்ந்துவிட்டோம். பட்டப்பகலில் ஒரு வரிசைப் பேய்கள். வெள்ளை வழிந்து கழுத்தில் இறங்குகிறது, பிள்ளைகள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எங்களுக்கோ வேலை போய்விடுமோ என்ற பயம். சாயங்காலம் மேனேஜர் இறங்கி வந்தார். ஒவ்வொரு பேயின் கைக்கும் எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச், போட்டால் அறை முழுக்க வெளிச்சம் என்று முடிவாயிற்று. கஸ்தூரியும் வேலைக்குத் திரும்பினாள்.

அடுத்த ஒப்பந்தம் போட்டபோது எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள், அவளை மட்டும் கூப்பிடவில்லை. ஆள் குறைப்பாம். மறுபடி உட்கார்ந்துவிடலாம் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போனோம். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நானும் வெளிய, நீங்களும் வெளியன்னா அந்த சுச்ச யாருடி போடுறது? புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அது எங்க கீதுன்னு யாரு காட்டுறது? போய் வேலயப் பாருங்க."

போனோம். அவள் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று நைட்டி மடித்தாள். எப்போது பார்க்கப் போனாலும் முதல் கேள்வி, "சுச்சு வேல செய்தா?" என்பதுதான். செய்கிறது என்பேன். கால் வீங்கியிருக்கிறதே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

துக்க வீட்டில் ரேவதி என்னைக் கேட்டாள்: "அம்மா அங்கயே இருந்திருந்தா இவ்ளோ நேரம் நின்னிருக்க மாட்டாங்க இல்ல ஆன்ட்டி?" அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

காரியம் முடிந்து வேலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, இருட்டில் ஒரு கை என் இடுப்பில் வந்து விழுந்தது. சுவிட்சைப் போட்டேன். "தெரியாம பட்டுடுச்சு" என்று அவன் சிரித்தான். வழக்கமாக அத்தோடு விட்டுவிடுவேன். அடுத்த மாதம் மறுபடி ஒப்பந்தம் போடும் மாதம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கஸ்தூரியின் தைரியம் எனக்கு வரவில்லை, வரவும் வராது. அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பிடி ஒன்றுதான். அவன் மணிக்கட்டைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தேன். வழி நெடுக விடவில்லை.