பச்சைப் பொட்டு வைத்த கார்

ஓசூரில் எங்கள் தெருவில் ஒரு கார் கிளம்பினால், அந்தச் சத்தத்துக்குப் பெங்களூர் கப்பன் பார்க்கில் காக்கைகள் எழுந்து பறக்கும். கூட்டித்தான் சொல்கிறேன். பெங்களூர் வேண்டாம், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குமேல் ஒரு அடி குறைக்க மாட்டேன்.

அந்தக் காரின் சொந்தக்காரர் ரத்தினவேல். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் ஆனவர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, அதைவிடப் பொல்லாத ஜாதி. தேறிய சாமானுக்குப் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு, தேறாததற்குச் சிவப்பு. பொட்டு வைத்து வைத்து மனிதருக்கு உலகமே இரண்டு நிறமாகிவிட்டது. வீட்டில் இட்லி ஒரு பக்கம் சரிந்திருந்தால் தட்டோரம் தள்ளி, "ரிஜெக்ட்" என்பார். மனைவி பேச்சியம்மாள் அதை எடுத்து அவர் சாம்பாரிலேயே முக்கி, "பாஸ் ஆயிருச்சு, தின்னுங்க" என்பாள்.

எண்பத்தாறில் மகள் தமயந்திக்குச் சாமல்பட்டியிலிருந்து வரன் வந்தது. பையன் சௌந்தரராஜன், நல்ல பையன். அவன் அம்மா சரசம்மா பாக்கு வெற்றிலை மாற்றுகிற அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க பெரியவனுக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் காரு வச்சாங்க. டிரைவரு வேற சவாரி இருக்குதுன்னு பாதி வழியில எறக்கி உட்டுட்டுப் போயிட்டான். எம்புள்ள ஊரே பாக்க நடந்து வந்தான். சின்னவன் அப்படி நடந்து வரக்கூடாதுங்க சம்மந்தி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வாடகைக் காரா? மாப்பிள்ளை நம்ம சொந்தக் கார்ல வருவாரு" என்றார் ரத்தினவேல்.

பேச்சியம்மாளுக்குக் காப்பி புரையேறியது. அந்த வீட்டில் சொந்தமாக இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதிலும் கேரியர் கிடையாது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. பாரூரில் ஒரு கரும்புத் தோட்டத்தில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்து ஃபோர்டு ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். கார் கிடந்தது. அதற்குள் கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மேல்கூரைத் துணியை எலி தின்று, எலியைப் பாம்பு தின்று, பாம்புச் சட்டை ஸ்டீயரிங்கில் மாலை போலத் தொங்கியது. தோட்டக்காரர் கேட்ட ஒரே நிபந்தனை, அடைகாக்கும் கோழி எழுந்திருக்கும்வரை பொறுக்க வேண்டும் என்பதுதான். ரத்தினவேல் பொறுத்தார். கோழியிடம் காட்டிய அந்தப் பொறுமையைக் காரிடமும் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாட்டு வண்டியும் லாரியுமாக மாறி மாறி கார் ஓசூர் வந்து சேர்ந்தது. பாகலூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஜமீர் அகமது எஞ்சினைப் பார்த்தார். கழுவி, துடைத்து, வயர் மாற்றி, கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினார். கார் இருமியது, துப்பியது, கத்தியது. தெரு நாய்களெல்லாம் ஒதுங்கின.

"ஓடுது சார். இத்தோட விட்ருங்க. பிரேக் மட்டும் பாத்துத் தர்றேன்."

"சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தமா பாய்? பார்ட்டு பார்ட்டா இன்ஸ்பெக்ஷன் பண்ணணும்."

பண்ணினார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வாசலில் கோணி விரித்துப் பரப்பி, கம்பெனியில் கற்ற வித்தையையெல்லாம் காட்டினார். மைக்ரோமீட்டரை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், சிவப்புப் பொட்டு வைப்பார். தேய்ந்த சாமான் தேய்ந்துதான் இருக்கும் என்பது அவருக்குப் பெரிய ஒழுங்கீனமாகப் பட்டது. கொஞ்ச நாளில் வாசல் பூராவும் அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

ஜமீர் அகமது வந்து பார்த்துவிட்டு, "இப்படி அளந்தா நீங்களும் நானும்கூட ரிஜெக்ட்தான் சார்" என்றார்.

"உங்களைப் பத்தி நீங்க சொல்லிக்கோங்க" என்றார் ரத்தினவேல்.

டிரைவருக்குப் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் ரசம் போயிருந்தது. அதற்கும் சிவப்புப் பொட்டு. புதுசு வாங்குவதாகச் சொல்லிக் கழற்றினார். வாங்கவில்லை. பேச்சியம்மாள் அந்தக் கண்ணாடியைக் குளியலறையில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பாஸ்.

இத்தனை சிவப்பில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர் மனம் நிறைந்து பச்சை வைத்தார். பின் அச்சுக்கு நடுவில் உட்காரும் பெரிய பல்சக்கரம். வெள்ளைக்காரன் வார்த்த இரும்பு, மயிரிழை தேயவில்லை. அதன் முதுகில், தாலிப்பொட்டு கணக்காக, பெரிதாக ஒரு பச்சைப் பொட்டு.

பூட்டும் வேலைக்கு ஜமீர் அகமதுவைக் கூப்பிடவில்லை. அவருக்கு வாய் நீளமாம். கம்பெனியில் தன் கீழ் வேலை செய்த ஆட்களைக் கூப்பிட்டார். அங்கே அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: எந்தச் சாமானை எங்கே பூட்டினாலும் பச்சைப் பொட்டு பூட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு அவனுக்கு அர்ச்சனை. ஆட்கள் சட்டப்படியே செய்தார்கள். பல்சக்கரம் உள்ளபடி உட்கார்ந்தால் பொட்டு உள்பக்கம் மறைந்துபோகிறது. ஆகவே மறுபக்கமாக மாற்றி உட்கார வைத்தார்கள். பொட்டு பளிச்சென்று தெரிந்தது. ரத்தினவேல் குனிந்து பார்த்து, "வேலைன்னா இது" என்றார். பொட்டே பச்சையாக இருக்கும்போது ஓட்டிப் பார்ப்பானேன்?

மற்ற சிவப்புச் சாமான்களுக்கு மாற்று கிடைக்காததால் அவற்றையே திரும்பப் பூட்டிவிட்டார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பிள்ளையார் கோயிலில் காத்திருக்கிறான். சரசம்மா மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். இங்கே ரத்தினவேல், பூச்சரம் சுற்றிய காரில் ஏறி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். கார் சர்ரென்று பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. இரண்டாவது கியர் போட்டார். இன்னும் வேகமாக முட்டியது. பல்சக்கரத்தை மறுபக்கம் உட்கார வைத்ததில், முன்னால் போக வேண்டிய கியரெல்லாம் பின்னால் போகிற கியராகிவிட்டது.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஜமீர் அகமது காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பப் பிரிச்சு மாத்த முடியுமா பாய்?"

"அடுத்த முகூர்த்தத்துக்கு முடியும் சார்."

ரத்தினவேலுக்கு முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை நடந்து வந்தால் சரசம்மா என்ன சொல்வாள், தமயந்தி ஆயுசு பூராவும் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதெல்லாம் அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"முன்னாடி போறதுக்குப் போட்டா பின்னாடி போகுதுல்ல?"

"ஆமா."

"அப்ப பின்னாடி போறதுக்குப் போடுங்க. உங்ககிட்ட இத்தனை வருசமா நான் அப்படித்தான வேலை வாங்குறேன்."

ரிவர்ஸ் கியர் போட்டார். கார் முன்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் கியருக்கு வேகம் ஏது? ஆமை நடை. நாதஸ்வரக்காரர்களின் நடைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது. பின் சீட்டில் மாப்பிள்ளையையும் துணைக்கு ஜமீர் அகமதுவையும் ஏற்றிக்கொண்டு, கத்திக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி மண்டபம்வரை ஓட்டினார் ரத்தினவேல். சரசம்மா ஆரத்தி எடுத்தாள்.

"நிறுத்தி நிதானமா வந்துச்சுங்க சம்மந்தி. ஊரே பாத்துது."

"ஊர்வலத்துக்குன்னே கியரை மாத்தி அமைச்சேன்" என்றார் ரத்தினவேல், கூசாமல். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை அவர் பேச்சு இதுதான். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவனெல்லாம் முதல் வாரமே இதைக் கேட்டாக வேண்டும்.

இதுவரை எழுதியதை நேற்று வாசித்துக் காட்டியபோது, முறுக்கு தின்றபடி கேட்டுக்கொண்டிருந்த அந்த மாப்பிள்ளை சௌந்தரராஜன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மண்டபம்வரைக்கும் ஓட்டுனாருன்னு எழுதியிருக்கீங்களே, அதை மட்டும் அடிச்சிடுங்க. முதல் திருப்பத்துலயே கியர் தானா கழண்டுக்கிச்சு. மாமா சும்மா ஆக்சிலேட்டரை மிதிச்சிக்கிட்டே இருந்தாரு, வண்டி கத்திக்கிட்டே இருந்துச்சு. பாயும் நானும்தான் எறங்கி மண்டபத்துக்கு முந்துன சந்துவரைக்கும் தள்ளுனோம். அங்க அம்மா பாத்துடப் போறாங்கன்னு நான் ஏறி உக்காந்துக்கிட்டேன், மிச்சத்தை மோளக்காரங்க தள்ளுனாங்க. மாமாவுக்கு இன்னைவரைக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? பின்னாடி பாக்குற கண்ணாடி அத்தையோட பாத்ரூம்ல இல்ல இருந்துச்சு."