கிளட்சுக்கு எந்தத் தோல்

அன்று பட்டறையில் நான், மெக்கானிக், தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி பாய், அவருடைய மேஸ்திரி ஆகிய நான்கு பேர் இருந்தோம். பழைய கார் ஒன்றின் பின்பக்கத்தை வெட்டி, பலகை அடித்து, நான் லாரியாக்கியிருந்தேன். அந்தக் காலத்துக் கிளட்சுக்குத் தோல்பட்டைதான் பிடிமானம். அது தேய்ந்துபோனதால், பாயின் பச்சைத் தோல்களை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் மேட்டில் போனால் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. இன்னொரு முறை சரக்கு வழியில் நின்று நாறினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று பாய் சொல்லிவிட்டார்.

"எருமைத் தோல் போடுப்பா. தடிப்பா இருக்கும், விடவே விடாது," என்றார் மெக்கானிக்.

"தடிப்பு ஜாஸ்தியானா வண்டி குலுக்கும். மாட்டுத் தோலு போதும், நல்லா எண்ணெய் காட்டித் தர்றேன்," என்றார் மேஸ்திரி.

"எண்ணெய் காட்டினா வழுக்காதா? கிளட்சு போடறியா, செருப்பு தைக்கிறியா?"

"எண்ணெய் இல்லாம இன்னா தோலு அது? வெடிச்சிடும்."

நான் பாயைப் பார்த்தேன்.

"ஆம்பூர்ல வந்து தோலைப் பத்திக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. பேஜார் பண்ணாதே, வண்டி உன்னுது," என்றார்.

எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. எதை விட்டாலும் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், பாயின் ஷாப்பிலிருந்து எருமைத் தோலையே கடனாக எடுத்து அதற்கு எண்ணெயும் காட்டச் சொன்னேன்.

மறுநாள் சரக்கோடு மேட்டில் ஏறும்போது கிளட்சு வழுக்கி வண்டி மறுபடி நின்றது. எண்ணெயை உறிஞ்சட்டும் என்று ரோட்டுப் புழுதியை அள்ளிக் கிளட்சில் போட்டேன். வண்டி ஒரு குதி குதித்து ஏறியது. சரக்கு கெடாமல் போய்ச் சேர்ந்தது, பாயும் வேறு வண்டி தேடவில்லை. எருமையா, எண்ணெயா, புழுதியா, எது காப்பாற்றியது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். குழப்பமில்லாதது ஒன்றுதான்: அந்தத் தோலுக்காகப் பாய்க்கு நான் இன்னும் தர வேண்டிய பாக்கி மூன்றே முக்கால் ரூபாய்.