புளி போட்டுத் துலக்கிய அமெரிக்கக் காசு

போன வருடம் சரஸ்வதி பூஜை அன்று, நார்வே தலைநகர் ஆஸ்லோவின் அம்மருட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்த எனக்கு ஒரு பைத்தியம் உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மாதிரி நாணயங்கள். புதுக் காசு வெளியிடுமுன், வடிவம் எப்படி வருகிறது என்று சிலவற்றை மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்படிக் கைவிடப்பட்ட ஒரு செம்புக் காசுக்காகப் பல வருடம் அலைந்து, அந்தக் கோடையில்தான் வாங்கியிருந்தேன்.

எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில்தான் பூஜை. "புத்தகங்களோட உங்கட காசையும் வைப்பம், தங்கச்சி. அதுவும் படிப்புத்தானே" என்றார். என் பைத்தியத்தைப் படிப்பு என்று சொன்ன முதல் ஆள்! உச்சி குளிர்ந்துபோய், உறையோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் போனால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் என் காசு புத்தம் புதிதாகப் பளபளத்தது. ஓடிப்போய்க் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"ஒரே கறுப்பா இருந்துது. சாமிக்கு முன்னால அப்பிடியே வைக்க மனம் வரேல்லை. விளக்கோட சேர்த்துப் புளி போட்டு மினுக்கிப்போட்டன்" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

செம்பில் காலம் படியவைத்த அந்தப் பழுப்பு நிறம்தான் சேகரிப்பவர்களுக்கு உயிர். ஒருமுறை தேய்த்தால் போனதுதான். எனக்கோ பொசுக்கென்று கோபம் வரும். அன்று நாக்கு வரை வந்ததைக் கொட்டியிருந்தால், அந்த வீட்டு வாசலை மறுபடி மிதித்திருக்க முடியாது. நல்லவேளை, வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

அக்காவின் சிரிப்பு நின்றது. "பிழை விட்டிட்டனோ?"

"ஆமாக்கா" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஏன் என்றும், அந்தக் காசு கைவிடப்பட்ட கதையையும் சொன்னேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காசின் பக்கம் திரும்பவே பயந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவங்கள் வேண்டாமெண்டு விட்டதைத்தானே நீங்கள் ஆசையாத் தேடி எடுத்தனீங்கள். இப்ப நான் கெடுத்துப்போட்டன். இனியும் வைச்சிருப்பீங்களோ?"

அந்தக் கேள்வியில் என் கோபம் அடங்கிப்போயிற்று. "வச்சிருப்பேன்க்கா" என்றேன். பிறகு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம்.

காசு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய நிறம் வரவில்லை. பார்க்கிற சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கும் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எதிர் வீட்டுக் கதவைத் தயங்காமல் தட்ட முடிகிற ஒவ்வொரு முறையும், அன்று அந்த நிறத்தைவிடப் பெரிய ஒன்றை இழக்காமல் தப்பித்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.