கரிநாளில் கூடிய பேரவை

“நீயெல்லாம் ஒரு காலண்டர்காரனாலே?”

போனில் அக்கா. ஹலோ இல்லை, சாப்பிட்டாயா இல்லை, எடுத்த எடுப்பிலேயே இதுதான்.

சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம், இரண்டாவது பந்தி, இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றிவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து அது எனக்கு இரண்டாவது கல்யாணம். சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் வேறு பாக்கி.

“என்னக்கா ஆச்சு?”

“என்ன ஆச்சா? கூட்டத்துக்கு ஆளைக் காணோம். போட்ட சேரெல்லாம் காலியாக் கெடக்கு. முந்நூறு வடை சுட்டு வச்சுருக்கோம். அம்புட்டையும் கோழிக்குப் போடவாலே? ஆமா, நீ எங்கன இருக்க? மேளச் சத்தம் கேக்கு...”

நான் அவசரமாகப் போனைக் கையால் பொத்தினேன்.

இது போன ஆவணியில் நடந்தது. முழுதாகச் சொன்னால்தான் என் முட்டாள்தனத்தின் ஆழம் உங்களுக்குப் பிடிபடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டி.வி.யில் கூட்டுறவுச் சட்டம், விவசாயக் கடன் மசோதா என்று செய்தி வந்தால் நம்மில் எத்தனை பேர் ரிமோட்டைத் தேடாமல் உட்கார்ந்திருக்கிறோம்? சட்டசபையில் ஒருவர் மசோதாவைத் தாக்கல் செய்வார், இன்னொருவர் எழுந்து ஆட்சேபிப்பார், குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறும். அதற்குள் நாம் சமையல் சேனலுக்குப் போய் வெங்காயம் வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் அந்த ரகம்தான். அக்காவின் மூன்று ஏக்கர் தரிசாகக் கிடந்த வருஷம் வரைக்கும்.

அக்கா வாழ்க்கைப்பட்டது மல்லாங்கிணறு பக்கம். வானம் பார்த்த பூமி. அத்தான் காலையில் வேன் ஏறிப் பட்டாசு கம்பெனிக்குப் போய்விடுவார். காடு அக்கா பொறுப்பு. புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் மக்காச்சோளம் போடுவாள். அந்த ஈரம் காய்வதற்குள் விதையும் உரமும் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன்.

சங்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு ஓடையைத் தாண்டினால் பெரிய ஊர், ஊர் முகப்பிலேயே சங்கம். அக்கா மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டால் சங்கத்து வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அது அவளுடைய சங்கம் இல்லை!

ஒவ்வொரு சங்கத்துக்கும் ‘செயல் எல்லை’ என்று ஒன்று உண்டாம். அந்த எல்லைக்குள் இருப்பவர்தான் உறுப்பினர், உறுப்பினருக்குத்தான் கடன். என்றைக்கோ எல்லை வகுத்த புண்ணியவான் ஓடையோடு கோட்டை நிறுத்திவிட்டார். ஓடைக்கு அக்கா பக்கம் இருக்கும் அறுபது வீடும் வேறொரு சங்கத்தில். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டத்துக்கு முந்தின வருஷம் அக்கா நாலு தடவை அப்படி மாறி மாறிப் போய், கடன் கைக்கு வருவதற்குள் மழை பெய்து, ஈரம் காய்ந்து, காடு வெறும் மண்ணாகக் கிடந்தது. அந்தத் தீபாவளிக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

இதற்கு வழி இருக்கிறது என்று சொன்னவர் பெரிய ஊர்ச் சங்கத்தின் செயலாளர். சின்ன வயசு, சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். “சங்கத்தோட துணைவிதியத் திருத்தி உங்க ஊரையும் எல்லைக்குள்ள சேக்கலாம்க்கா. உறுப்பினர் எல்லாரையும் வரச் சொல்லிப் பேரவையக் கூட்டணும். இத்தன பேராவது வரணும்னு ஒரு கணக்கு இருக்கு. வந்தவுகள்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். அப்புறம் பதிவாளர் ஆபீசுல பதிவாகி வந்துட்டா நீங்களும் உறுப்பினராகலாம்” என்றார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அக்கா உறுப்பினராக வேண்டும் என்பதற்கான கூட்டத்தில் அக்காவுக்கு ஓட்டு கிடையாது. பெரிய ஊர்க்காரர்கள் வர வேண்டும், அவர்கள் கை தூக்க வேண்டும். அக்காவும் அவள் ஊர்ப் பெண்களும் வடைதான் சுட முடியும்.

இங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷத்து காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, ஆர்டர் வரட்டும் என்று நான் அச்சகத்தில் காலாட்டிக்கொண்டிருந்த நேரம். அக்காவும் செயலாளரும் நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். “ஞாயித்துக்கெழமதான் அண்ணாச்சி வைக்க முடியும். மத்த நாள்ல பாதிப் பேரு வேன் ஏறிருவாக. எந்த ஞாயிறு வைக்கலாம்?” என்று செயலாளர் கேட்டார்.

முப்பது வருஷமாக தினசரி காலண்டர் அடிப்பவனிடம் நாள் கேட்டால் விடுவானா? கண்ணாடியைப் போட்டேன். சுவரில் தொங்கிய நடப்பு வருஷத்து காலண்டரைப் புரட்டினேன். எதிரே இருந்த இருவரும் மரியாதையாகக் காத்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆவணியின் முதல் ஞாயிறு... வளர்பிறை, முகூர்த்த நாள், குறை சொல்ல ஒன்றுமில்லை!

“இதை விடாதீங்க. நல்ல காரியத்தை நல்ல நாள்ல ஆரம்பிக்கணும்” என்று தீர்ப்புச் சொன்னேன். நோட்டீசும் இலவசம் என்றேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்குமே. ஆடி முழுக்கக் கல்யாணமே கிடையாது. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மாவட்டத்தில் ஒரு மண்டபம் காலியாக இருந்திருக்குமா? பெரிய ஊரில் ஆள் ஆளுக்கு ஒரு பத்திரிகை வைத்திருந்தார்கள். சிலர் வீட்டில் மூன்று. புருஷன் ஒரு கல்யாணம், பெண்டாட்டி ஒரு கல்யாணம் என்று பங்கு பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இது தெரியாத ஒரே ஆள், ஊருக்கெல்லாம் முகூர்த்த நாள் அச்சடித்துக் கொடுக்கிற நான். அதைவிடக் கேவலம்... நானே அன்று கூட்டத்துக்குப் போகாமல் பாயசத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர் என்று அக்கா பின்னால் சொன்னாள்.

சாதாரணத் தீர்மானமாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாம், துணைவிதி என்பதால் ஆள் இல்லாமல் நடக்காது என்று செயலாளர் கையை விரித்துவிட்டார். மறுபடி நோட்டீஸ், மறுபடி அவகாசம். புரட்டாசி பிறந்தால் பட்டாசு சீசன் சூடு பிடிக்கும், கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். ஆக மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு, ஆவணியின் கடைசி ஞாயிறு.

பயத்தோடு காலண்டரைப் புரட்டினேன். கரிநாள். போதாததற்குத் தேய்பிறை அஷ்டமி!

சங்கத் தலைவர் ஆடிப்போய்விட்டார். நல்ல மனுஷர், ஆனால் காலண்டர் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். “கரிநாள்ல போயித் தீர்மானமா? எங்கையால நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. அடுத்த வருசம் பாப்போம்” என்றார்.

அக்கா விடவில்லை. “தலைவரே, கரிநாளுன்னா உங்க வீட்டு மாடு பால் குடுக்க மாட்டேங்குதா? இல்ல, வயிறுதான் இன்னிக்குக் கரிநாளு, எனக்குச் சோறு வேண்டாம்ங்குதா? அடுத்த வருசம்னு சுளுவாச் சொல்லுறீக. போன வருசம் எங்காடு கெடந்த கெடைய வந்து பாத்தீகளா? இன்னொரு வருசம் என்னால தாங்க முடியாது.”

தலைவர் என்னைப் பார்த்தார். நாள் விஷயத்தில் கடைசி வார்த்தை காலண்டர்காரனுடையது அல்லவா? நான் எழுந்து நின்றேன்.

“தலைவரே, கூட்டுறவுச் சட்டத்தை வரி வரியாப் படிச்சுட்டேன். ராகு காலம், எமகண்டம்னு எங்கயும் ஒரு வார்த்தை இல்லை. நாள் பாக்குற வேலையைச் சட்டசபையே நம்மகிட்ட விட்டுருச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ஊர்ல எத்தனை கல்யாணம்?”

“கரிநாள்ல எவன் கல்யாணம் வைப்பான்?”

“காதுகுத்து? புதுவீடு? பொண்ணு பாக்கப் போறது?”

தலைவர் யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. அன்றைக்கு ஊரே போக இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறது!

உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். வருவார்கள், சரி. நல்ல நாள் இல்லை என்று வந்தவர்கள் கை தூக்க மறுத்தால்? அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூக்கம் இல்லை. நோட்டீசை நானே பைக்கில் எடுத்துப் போய் வீடு வீடாகக் கொடுத்தேன். சிவகாசியில் யாராவது பார்த்தால் ஓனரையே டெலிவரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. பத்து மணிக்குப் போனால்... சங்கத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உட்கார சேர் போதவில்லை. உர மூட்டை மேலெல்லாம் ஆட்கள். “வீட்ல சும்மாதான இருந்தோம், அதான் வந்துட்டோம்” என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். மறுபடி சுட்ட முந்நூறு வடை அரை மணி நேரத்தில் காலி. அக்கா இன்னொரு ஈடு மாவு ஆட்ட ஆள் அனுப்பினாள்.

தீர்மானத்தை வாசித்ததும் குருசாமி அண்ணாச்சி எழுந்தார். பதினைந்து ஏக்கர்க்காரர், ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. “ஏற்கெனவே யூரியா பத்த மாட்டேங்குது. இன்னும் அறுபது வீட்டையும் சேத்தா நமக்கு எம்புட்டுக் கெடைக்கும்?”

கூட்டம் சலசலத்தது. நியாயமான கேள்விதானே?

செயலாளர் ஓடைக்காரர்கள் சார்பாக அக்காவைப் பேசச் சொன்னார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணாச்சி, உங்க காட்டுக்குக் களை எடுக்க வருசா வருசம் யாரு வர்றாக? ஓடையைத் தாண்டி நாங்கதான வாறோம். அப்ப எல்லை தெரியலையே? ஏக்கர் கூடினா சங்கத்துக்கு வார உர லோடும் கூடும்னு செயலாளர் தம்பி சொல்றாரு, அவரையே கேளுங்க. நாங்க உங்க பங்கைக் கேக்கலை. எங்க பங்கை இங்கன எறக்குங்கன்னுதான் கேக்கோம்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் ஆமாம் என்று தலையாட்டினார். குருசாமி அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

“ஆதரிக்கிறவுக கை தூக்குங்க!”

கைகள் எழுந்தன. அடேயப்பா, எத்தனை கை! பட்டாசுத் திரி சுற்றிக் காய்த்துப்போன கை, மருந்து கலந்து வெள்ளி பூசினதுபோல் மினுங்கும் கை, மண்வெட்டி பிடித்த கை. பதினைந்து ஏக்கருக்கும் ஒரு ஓட்டு, அரை ஏக்கருக்கும் ஒரு ஓட்டு. சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தபோது கொட்டாவி விட்டவன் நான். நேரில் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

செயலாளர் எண்ணி முடித்து நெற்றியைச் சொறிந்தார். வந்து கையெழுத்துப் போட்டவர்களைவிடத் தூக்கிய கை கூடுதலாக இருந்தது! பார்த்தால், ஓரமாக நின்ற அக்கா ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சந்தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

“யக்கா, யக்கா! ஓட்டு இல்லாதவுக கையை எறக்குங்க! கூட்டம் செல்லாமப் போயிரும்!”

ஒரே சிரிப்பு. பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினார்கள். மறுபடி எண்ணிக்கை தொடங்கியது. நான் அக்காவைப் பார்த்தேன். தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டே போனது. கடைசியாகக் குருசாமி அண்ணாச்சியிடம் போய் நின்றது. அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “சரி, வடை நல்லாருந்துச்சு” என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

எதிர்த்து ஒரு கை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

செயலாளர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு எத்தனை நடை நடந்தாரோ, புரட்டாசி முடிவதற்குள் பதிவாகி வந்துவிட்டது. மழையும் அந்த வருஷம் எங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பெய்தது. அக்கா பங்குத் தொகை கட்டி உறுப்பினர் ஆனாள். ஓடையைத் தாண்டி நடந்தே போய்க் கடன் வாங்கினாள். மார்கழியில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. அதற்கு முன்பே, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கி, என் காலண்டரில் இன்னும் என்னென்ன தப்பு இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

போன ஞாயிறு சங்கத்தின் அடுத்த பேரவை. அக்கா உறுப்பினராகக் கலந்துகொள்ளும் முதல் கூட்டம். புதுச் சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நானும் போயிருந்தேன். செயலாளர் எழுந்து தாளை விரித்ததுதான் தாமதம், அக்காவின் கை மேலே போய்விட்டது.

“அக்கா, நான் இன்னும் ஒண்ணும் வாசிக்கவே இல்லை.”

“நீங்க வாசிங்க தம்பி. நான் தூக்கிட்டேன்.”